தம்பிக்கு மூளைப் பயிற்சியும் மின்தூண்டலும் கொடுக்கலாமா?

கேட்டவர் ஓர் அக்கா. தம்பிக்கு 31 வயது. எட்டு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அடங்கி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஒரு காலத்தில் சி.ஏ. படித்துக்கொண்டிருந்தவர், இப்போது கடைக்குப் போனால் சொன்ன மூன்று பொருளில் ஒன்றோடு திரும்பி வருகிறார். செய்தித்தாளில் ஒரே பத்தியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிறார். வீட்டில் 'சோம்பேறி' என்ற பெயர் விழுந்துவிட்டது. ஒரு தனியார் மையம், கணினியில் மூளைப் பயிற்சியும் தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சையும் சேர்த்து 40 அமர்வுகள், 60,000 ரூபாய் என்கிறதாம். கடன் வாங்கியாவது செய்யலாமா என்று கேட்கிறார்.

கடன் வாங்காதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியில் விஷயம் இருக்கிறது. மின்தூண்டலிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு விற்கப்படும் வடிவத்தில் அது இல்லை. மறுவாழ்வுப் பிரிவில் உளவியலாளராக இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் நான். எது பலித்தது, எது பணத்தைத் தின்றது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்பதிலிருந்து தொடங்குகிறேன். மனச்சிதைவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குரல்களும் சந்தேகமும்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்லின் இந்த நோய்க்கு வைத்த பெயரே 'இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு' என்ற பொருளுடையது. சிந்தனை மந்தப்படுவதுதான் அவர் கண்ணுக்கு முதலில் பட்டது. 1908இல் சுவிட்சர்லாந்தின் ஒய்கன் ப்ளாய்லர் 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரை மாற்றினார். 1952இல் குளோர்ப்ரோமஸின் வந்தது. அந்த மாத்திரை குரல்களை அடக்கியது. அடக்கியதும், மருத்துவ உலகத்தின் கவனமெல்லாம் குரல்களின் மீதே போய் நின்றது. குரல் நின்றால் நோயாளி நலம் என்று எழுதி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர் வேலைக்குப் போனாரா, பஸ் பிடித்தாரா, கணக்குப் பார்த்தாரா என்று விசாரிக்க ஆள் இல்லை.

1996இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கிரீன் ஒரு கட்டுரையில் இதைத்தான் கேட்டார்: நோயாளி சமூகத்தில் எப்படி வாழ்கிறார் என்பதை எது தீர்மானிக்கிறது? அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குரல்களின் கடுமையைவிட நினைவு, கவனம் போன்ற அறிதிறன்களோடுதான் வாழ்க்கைத் திறன் கூடுதலாக ஒட்டி நின்றது. அதன் பிறகு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, இந்த நோயில் அளக்க வேண்டிய அறிதிறன்கள் ஏழு என்று வகுத்தது. மூளை வேலை செய்யும் வேகம், கவனம் நிலைத்தல், செயல்நினைவு (ஒரு வேலையின் நடுவே தேவையானதை மனதில் பிடித்து வைத்திருப்பது), கேட்டதைக் கற்றல், பார்த்ததைக் கற்றல், யோசித்துச் சிக்கலை அவிழ்த்தல், பிறர் முகமும் மனமும் புரிதல்.

இவற்றில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது வேகம். அதை அளக்கும் சோதனை மிக எளிமையானது. ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி கொடுத்திருப்பார்கள்; கீழே கலைத்துப் போட்ட எண்களுக்கு நேராக அந்தந்தக் குறியை ஒன்றரை நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வரைய வேண்டும். பட்டம் வாங்கியவர்கள்கூட இந்தத் தாளில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விடை தெரியும். கண் மேலே போய்க் குறியைப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு கீழே வருவதற்குள் அது நழுவிவிடுகிறது.

இனி உங்கள் தம்பி கடைக்குப் போவதை யோசித்துப் பாருங்கள். கொத்தமல்லி, புளி, தீப்பெட்டி என்று சொல்லிக்கொண்டே போகிறார். கடைக்காரர் 'தூளா, முழு மல்லியா?' என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் யோசித்த கணத்தில் புளியும் தீப்பெட்டியும் கீழே விழுந்துவிட்டன. பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துகிறார். கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். வீட்டில் திட்டு. நாலு முறை இப்படி நடந்தால் ஐந்தாம் முறை 'நான் போகவில்லை' என்பார். அதற்குத்தான் நீங்கள் வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். ஆர்வம் வற்றிப்போவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் தோற்றுத் தோற்றே வற்றியது எவ்வளவு என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஒரு ஆறுதல் உண்டு. இந்தக் குறை பெரும்பாலும் முதல் தாக்குதலின்போதே வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, முதுமை மறதி நோயைப்போல் ஆண்டுதோறும் சரிந்துகொண்டே போவதில்லை. மனம் ஒருசமயம் மிகையாகப் பொங்கியும் ஒருசமயம் சோர்ந்தும் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே குறைகள், சராசரியாகக் குறைந்த அளவில், இருக்கின்றன.

பயிற்சிக்குப் போகுமுன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'டிரைஹெக்ஸிஃபெனிடில்' என்ற மருந்து இருக்கிறதா? மனநோய் மாத்திரையால் வரும் கை நடுக்கத்தையும் விறைப்பையும் தடுக்கக் கொடுப்பது. நல்ல மருந்துதான், தேவைப்படும்போது. ஆனால் அது மூளையில் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. நினைவு பதிவதற்கு அந்த வேதிப்பொருள் வேண்டும். வாய் உலர்வது, மலச்சிக்கல், மறதி மூன்றும் சேர்ந்து வருவது இதனால்தான். இந்த வகை மருந்தின் சுமை அதிகமாக உள்ளவர்கள் அறிதிறன் பயிற்சியில் குறைவாகவே முன்னேறுகிறார்கள் என்று அமெரிக்காவில் சோஃபியா வினோகிராடோவின் குழு 2009இலேயே காட்டியது. நம் ஊரில் என்ன நடக்கிறது என்றால், நோய் வந்த புதிதில் ஊசி போட்டபோது எழுதிய அந்த மாத்திரை, ஊசி நின்ற பிறகும், மருந்து மாறிய பிறகும், சீட்டிலிருந்து சீட்டுக்கு நகலாகி எட்டு ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் படபடப்பும் திரும்பும். 'இது இன்னும் தேவைதானா, குறைக்க முடியுமா' என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குச் செலவில்லை. 60,000 ரூபாய்ப் பயிற்சியின் பாதிப் பலன் அதிலேயே கிடைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இரவில் பதினோரு மணி நேரம் தூங்கிக் காலையில் மந்தமாக எழுகிறாரா, தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்தார்களா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

அறிதிறனுக்கே ஒரு மாத்திரை வராதா என்று கேட்பீர்கள். பலர் முயன்றார்கள். கடைசியாக 'இக்லெபெர்ட்டின்' என்ற மருந்தின் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. அதன் மூன்றாம் கட்டச் சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அதை உருவாக்கிய நிறுவனமே அறிவித்தது. ஆகவே இன்றைக்குக் கையில் இருப்பது பயிற்சிதான்.

பயிற்சி என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு சரக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று கணினி விளையாட்டு. திரையில் பறவை தோன்றினால் பொத்தானை அழுத்து, எண்களைத் தலைகீழாகச் சொல், மதிப்பெண் ஏற ஏற அடுத்த படி. விளையாடுகிறவர் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார், அதில் சந்தேகமில்லை. கேள்வி, அந்தக் கெட்டிக்காரத்தனம் திரையை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்கு வருமா என்பது. மனநோய் இல்லாத பொதுமக்களுக்கே அப்படி வரும் என்று விளம்பரம் செய்ததற்காக 'லுமோசிட்டி' என்ற பிரபல மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. விளம்பரத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

மற்றொன்று அறிதிறன் மீட்புப் பயிற்சி. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டில் வைக்ஸ், நியூயார்க்கின் அலிஸ் மெடாலியா, பாஸ்டனின் சூசன் மெக்கர்க் போன்றவர்கள் வளர்த்தெடுத்தது. இதிலும் கணினி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2011இல் வைக்ஸ் குழு 40 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,100 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தது. 2021இல் இத்தாலியின் அந்தோனியோ வீட்டா குழு 130 ஆய்வுகளையும் 8,851 பேரையும் தொகுத்தது. பலன் இருக்கிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. எவ்வளவு என்பதில் பெரிய தொகுப்பு சற்றுக் கையிறுக்கம். அறிதிறனில் 0.29, அன்றாடச் செயல்பாட்டில் 0.22 என்று சொல்கிறது. புள்ளியியல் மொழியில் இது சிறிய பலன். நம் மொழியில் சொன்னால், பயிற்சி பெற்ற ஒருவரையும் பெறாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒப்பிட்டால், நூற்றுக்கு ஐம்பத்தெட்டு முறை பயிற்சி பெற்றவர் முன்னே நிற்பார். பயிற்சிக்குப் பலனே இல்லையென்றால் ஐம்பதாக இருந்திருக்கும். மையத்தின் வண்ணக் காகிதத்தில் 'மூளையின் திறன் 80 சதவீதம் உயரும்' என்ற மாதிரி ஏதாவது அச்சிட்டிருந்தால், இந்த ஐம்பத்தெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சராசரி எல்லாக் கதையையும் சொல்லாது. வீட்டா குழு எந்த ஆய்வுகளில் பலன் கூடியது என்று தோண்டியது. பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 'எப்படி நினைவில் வைப்பது' என்ற உத்தியைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றதை அன்றாட வாழ்க்கையில் பொருத்திக் காட்ட வேண்டும். இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் பலன் தெளிவாகக் கூடுகிறது. மறுவாழ்வுத் திட்டம் ஒன்றுக்குள் இந்தப் பயிற்சி உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று: குறைவாகப் படித்தவர்களும், நோய்க்கு முன்பே அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்தவர்களும், நோய் கடுமையாக உள்ளவர்களும் கூடுதலாகப் பயன் பெற்றார்கள். 'இவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது' என்று வார்டில் ஒதுக்கப்படுகிறவர்கள்தான் அவர்கள்.

வேலையோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்கர்க்கின் 2015 ஆய்வைச் சொல்லலாம். வேலை வாங்கித் தரும் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்தும் வேலை கிடைக்காமலோ நிலைக்காமலோ போன, கடும் மனநோய் உள்ள 107 பேர். ஒரு பகுதியினருக்கு வேலை ஆதரவோடு அறிதிறன் பயிற்சியும் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு மேம்படுத்திய வேலை ஆதரவு மட்டும். பயிற்சி பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் வெளிச்சந்தையில் சம்பள வேலைக்குப் போனார்கள். மற்றவர்களில் 36 சதவீதம். திரையில் மதிப்பெண் ஏறியதா என்பதைவிட இந்த எண்ணுக்குத்தான் நான் தலை வணங்குவேன்.

உத்தி கற்பிப்பது என்றால் என்ன? தம்பியின் மூன்று பொருளுக்கே வருவோம். சிகிச்சையாளர் கணினியில் ஒரு பட்டியல் நினைவுப் பயிற்சி கொடுக்கிறார். தம்பி ஆறில் இரண்டைச் சொல்கிறார். 'எப்படி நினைவில் வைத்தீர்கள்?' என்று கேட்கிறார். 'சும்மா பார்த்தேன்.' 'இந்த முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாமா? சமையலுக்கு ஆவதை ஒரு கூட்டம், மற்றதை ஒரு கூட்டம் என்று பிரிக்கலாமா?' நான்கு வருகிறது. பிறகு கணினியை மூடிவிட்டு, 'இந்த வாரம் இதை எங்கே செய்யப்போகிறீர்கள்?' என்று கேட்கிறார். 'கடையில்.' 'கடைக்காரர் நடுவில் பேசினால்?' 'முதலில் மூன்றையும் சொல்லிவிடுவேன்; பிறகு அவருக்குப் பதில் சொல்வேன்.' இந்தக் கடைசி வாக்கியம்தான் பயிற்சி. அதற்கு முன்னால் திரையில் நடந்ததெல்லாம் அதற்கான சாக்கு.

என் பணிக்காலத்தில் ஓர் இளைஞர் இருந்தார். கணினிப் பயிற்சியில் மூன்று மாதத்தில் எல்லாப் படிகளையும் தாண்டிவிட்டார், நாங்கள் கைதட்டினோம். வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணாமல் வந்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமும் நான் அவரைத் திரையின் முன் உட்காரவைத்துவிட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பயிற்சி அறையில் டீக்கடை வைத்தோம். ஒரு மேசை, ஒரு ஃபிளாஸ்க், ஒரு நோட்டு. அவரே கல்லாவில். முதல் வாரம் கணக்கு ஒருநாளும் இடிக்காமல் இருந்ததில்லை. சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்து, ஒவ்வொரு டீக்கும் ஒரு கோடு போடச் சொன்னோம். கணினியில் கற்ற 'ஒரு நேரத்தில் ஒன்று' என்ற ஒழுங்கு அங்கேதான் வேலைக்கு வந்தது.

இதற்குக் கணினிகூடக் கட்டாயமில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் வளர்த்த பயிற்சி முறைகளில், அச்சிட்ட தாளில் ஓர் எழுத்தை மட்டும் தேடி அடிப்பதும், கலந்த தானியங்களைப் பிரிப்பதும் கவனத்துக்கான பயிற்சிகள். முதல் தாக்குதலுக்கு உள்ளான மனச்சிதைவு நோயாளிகளுக்கு வீட்டிலேயே, குடும்பத்தாரின் துணையோடு இத்தகைய பயிற்சி கொடுத்த அவர்களுடைய ஆய்வு 2012இல் வெளியானது. முறத்தில் உளுந்தையும் பயறையும் பிரிப்பதற்கு நம் வீடுகளில் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. பிரித்து முடித்ததும் அதை மறுபடி கலந்து 'இன்னொரு முறை பிரி' என்று கொடுத்தால், சி.ஏ. படித்தவர் முறத்தை வீசத்தான் செய்வார். சமையலுக்கு வேண்டியதை, நேரம் குறித்து, தினமும் கொஞ்சம் என்று கொடுங்கள்.

இனி மின்சாரம். தலைக்குக் கரண்ட் என்றதும் நம் வீடுகளில் 'ஷாக் வைப்பது' நினைவுக்கு வந்து பயந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஷாக் எனப்படும் மின்வலிப்பு சிகிச்சையை 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கினார்கள். அதில் செலுத்தும் மின்னோட்டம் சுமார் 800 முதல் 900 மில்லி ஆம்பியர். நோக்கமே மயக்க மருந்து கொடுத்த நிலையில் ஒரு வலிப்பை வரவழைப்பது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுப்பதை நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. திரைப்படங்கள் காட்டுவதைப்போல் அது தண்டனை இல்லை. உயிர் காத்த சிகிச்சை. ஆனால் உங்கள் கேள்வி அதைப் பற்றியதல்ல.

மையம் சொல்வது டி.டி.சி.எஸ். என்ற முறை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் வைத்துக் கட்டி, 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இருபது நிமிடம் செலுத்துவது. மேலே சொன்னதில் நானூறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே கழிந்துவிடும். உள்ளே போகும் சொற்ப மின்சாரம் நரம்பணுவைத் தட்டி எழுப்பாது. எழுவதற்குச் சற்று அருகிலோ தொலைவிலோ நகர்த்தி வைக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலுஸும் 2000ஆம் ஆண்டு மனிதர்களிடம் இதைக் காட்டிய பிறகுதான் உலகெங்கும் இந்தப் பெட்டி பரவியது. அரிப்பு, குறுகுறுப்பு, தோல் சிவத்தல் இவைதான் வழக்கமான தொல்லை. பஞ்சு உலர்ந்துபோனால் தோல் புண்ணாகலாம்.

மனச்சிதைவில் இதற்குக் கிடைத்த பெயர் பெரும்பாலும் குரல்களால். 2012இல் பிரான்சின் லியோன் நகரில் ப்ரூனெலின் குழு, மருந்துக்கு அடங்காத குரல்கள் கேட்ட 30 பேருக்கு நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாள் கொடுத்தது. குரல்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நிம்ஹான்ஸும் பின்னர் இதே போன்ற நல்ல முடிவைக் கண்டது. வேறு சில நாடுகளில் செய்து பார்த்தபோது பொய்த்தூண்டலுக்கும் (கருவியை வைத்துவிட்டு உண்மையான தூண்டல் கொடுக்காமல் விடுவது) இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2020இல் பிரேசிலில் 100 பேரிடம் நடந்த ஆய்வில், முகத்தில் உணர்ச்சி வற்றுவது, ஒதுங்கியிருப்பது போன்ற குறைகள் ஓரளவு குறைந்தன. இவையெல்லாம் நேர்மையான, கவனிக்க வேண்டிய ஆய்வுகள். ஆனால் உங்கள் தம்பிக்குக் குரல்கள் அடங்கி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறீர்கள். இல்லாத குரலை அடக்க எதற்கு மின்சாரம்?

மையத்துக்காரர்கள் 'டி.எம்.எஸ். இன்னும் நல்லது, கூடுதல் கட்டணம்' என்றும் சொல்லக்கூடும். அது காந்தத் தூண்டல். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் உருவாக்கியது. கம்பிச் சுருளைத் தலையருகே வைத்து டக் டக் என்று காந்தத் துடிப்பு கொடுப்பார்கள். இது நரம்பணுவை உண்மையிலேயே எழுப்பும். மனச்சோர்வு நோய்க்கு 2008இலேயே அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதில் இதற்கு உறுதியான இடம் உண்டு. மனச்சிதைவில் கதை வேறு. ஒதுங்கியிருத்தல் போன்ற குறைகளுக்காக ஐரோப்பாவில் 175 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், 2015இல் வந்த முடிவு, பொய்த்தூண்டலைவிட மேலில்லை என்பதே. செயல்நினைவு ஏறுகிறது என்று டொராண்டோவில் ஒரு சிறிய ஆய்வு 2013இல் உற்சாகமூட்டியது. பின்னர் அதிகமானவர்களை வைத்துச் செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் இதுதான் வழக்கம்: இருபது முப்பது பேரிடம் பூத்தது, நூறு பேரிடம் காய்ப்பதில்லை. இன்னொன்று, தம்பி குளோசபின் சாப்பிடுகிறாரா? அந்த மருந்தே வலிப்பு வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். காந்தத் தூண்டலிலும் அரிதாக வலிப்பு வரலாம். முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலையில் உலோகம் வைத்திருக்கிறதா, என்ன மாத்திரைகள் என்று கேட்காமல் நாற்காலியில் உட்காரச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பயிற்சியையும் தூண்டலையும் சேர்ப்பதன் தர்க்கம் அழகானது. மண்ணை நனைத்துவிட்டு விதைப்பதைப்போல, நரம்பணுக்களை நெகிழவைத்து அந்த நேரத்தில் பயிற்சி கொடுத்தால் நன்றாகப் பதியும் என்பது எண்ணம். ஆகவே தூண்டல் நடக்கும்போதோ அதை ஒட்டியோ பயிற்சி நடக்க வேண்டும். காலையில் மின்சாரம், மாலையில் கணினி என்று மையம் அட்டவணை போட்டிருந்தால், தாங்கள் விற்பது என்ன என்பதே அவர்களுக்குப் புரியவில்லை என்று பொருள். சேர்த்துச் செய்த ஆய்வுகள் சிறியவை. சிலவற்றில் செயல்நினைவு கூடியது, சிலவற்றில் கூடவில்லை. எந்த இடத்தில், எத்தனை நாள், யாருக்கு என்பது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. ஆராய்ச்சியில் பங்கெடுப்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. நெறிமுறைக் குழு இருக்கும். ஒப்புதல் தாளில் தம்பியே கையெழுத்துப் போடுவார். அப்படி ஒரு ஆய்வு அரசு நிறுவனத்தில் நடந்து, தம்பியும் விரும்பினால், சேரட்டும். நான் தடுக்கமாட்டேன். இணையத்தில் விற்கும் பெட்டியை வாங்கி வீட்டில் கட்டிப் பார்ப்பதை மட்டும் கட்டாயம் தடுப்பேன்.

அந்த மையத்துக்கே போவதென்று முடிவெடுத்தாலும் சிலவற்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். கணினிப் பயிற்சியின்போது அறையில் யார் உட்கார்ந்திருப்பார்? அவர் என்ன படித்தவர்? முதல் நாளும் கடைசி நாளும் எதை அளப்பீர்கள், விளையாட்டு மதிப்பெண்ணையா, தம்பி தனியாகச் செய்யும் வேலைகளையா? அவர் பார்க்கும் மனநல மருத்துவரிடம் நீங்கள் பேசினீர்களா? பதிலுக்குப் பதிலாகச் சலுகை விலை வந்தால் வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள். நடை என்றதும் ஞாபகம் வருகிறது: உடற்பயிற்சி மனச்சிதைவில் அறிதிறனைச் சற்று உயர்த்துகிறது என்று 2017இல் பத்து ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். பலனின் அளவு, அறிதிறன் மீட்புப் பயிற்சித் தொகுப்பில் பார்த்த அளவுக்கு ஏறத்தாழச் சமம். மாத்திரையால் ஏறும் எடையும் சேர்ந்து குறையும். காலையில் நாற்பது நிமிடம் வேகநடை, கூட ஓர் ஆள். தனியாக அனுப்பினால் மூன்றாம் நாள் நின்றுவிடும்.

சென்னைக்குப் போய்வர முடிந்தால், 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென்றே இயங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உளவியலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் மனநோயும் சேர்ந்திருக்கிறது. மதிப்பீட்டில் 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், சான்றிதழைக் காட்டிச் சலுகைகள் கேட்கலாம். கூச்சப்பட்டு வாங்காமல் இருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, அம்மா. உங்கள் கடிதம் முழுவதிலும் தம்பி என்ன விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று மாலை அவரிடம் கேளுங்கள். 'என்ன வேலைக்குப் போகிறாய்' என்று கேட்க வேண்டாம். அது அவருக்குத் தேர்வுக் கேள்வி. 'முன்பு செய்து, இப்போது முடியாமல் போனதில் எது உனக்கு மறுபடி வேண்டும்?' என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். ஒரு நிமிடம் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். நீங்களே இட்டு நிரப்பிவிடாமல் காத்திருங்கள். கிரிக்கெட் ஸ்கோர் எழுதுவது என்பார், அம்மாவின் மருந்துக் கணக்கைப் பார்ப்பது என்பார், தனியாக பஸ்ஸில் போவது என்பார். எதுவாக இருந்தாலும் அதை ஒரு தாளில் எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தம்பியின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.